பைக்கில் வோல்ட் மீட்டர்: எண் சரியில்லை என்றால் எங்கே கை வைப்பது

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ செல்ஃப் எடுக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனால், சைடு பேனலைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பேட்டரி போயிருக்கும்ணா, மாத்திடலாம்." மாற்றியும் விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது. கடல் காற்று வீசும் தெருக்களில் வண்டி நிறுத்துகிற நமக்கு, பேட்டரிக்கு முன்னால் கெட்டுப்போவது ஒயரும், ஒயர்களை இணைக்கும் கப்ளரும், பேட்டரி மைனஸ்ஸை வண்டிச் சட்டத்தோடு (சேஸிஸ்) சேர்க்கும் எர்த்தும்தான். அதைக் கண்டுபிடிக்க ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் பெரிய உதவி.

ஆனால் மீட்டரை மாட்டியதும் வேறொரு குழப்பம் ஆரம்பிக்கும். 12.3 என்று காட்டுகிறது, நல்லதா கெட்டதா? காலையில் வண்டியைத் தொடும் முன் 12.3 என்றால் பேட்டரியில் பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் இருக்கிறது. மணலி பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஸ்லோவில் நிற்கும்போது 12.3 என்றால், ஹெட்லைட் எப்போதும் எரியும் பல வண்டிகளில் அது சகஜம். 4000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போதும் அதே 12.3 என்றால் சார்ஜ் ஏறவே இல்லை. எண் ஒன்றுதான், அர்த்தம் மூன்று. அதனால் எதையும் கழற்றும் முன் இரண்டு கேள்வி: இது எந்த நேரத்து எண்? எந்த ஒயரிலிருந்து வரும் எண்?

நல்ல வண்டி என்ன காட்டும்

சாதாரண லெட் ஆசிட் பேட்டரி, 6 செல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். 12.2 பாதி. 12-க்குக் கீழே கிட்டத்தட்ட காலி. வண்டியை அப்போதுதான் நிறுத்தியிருந்தால் 13-க்கு மேல்கூடக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்ப வேண்டாம். ஒரு நிமிடம் ஹெட்லைட் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

செல்ஃப் அழுத்தும் நேரத்தில் 10-க்குப் பக்கத்தில் இறங்கி உடனே எழ வேண்டும், 9.5-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய விஷயம். ஓடும்போது, 3000 ஆர்.பி.எம்.முக்கு மேல், 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு நின்ற எண் வேறு: 13.2, 13.3 இருப்பதே முழு சார்ஜ் அளவு, அங்கே 12.6 வந்தால் சந்தோஷப்படக் கூடாது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-இல் அமைந்த என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த வண்டிகளில் ஹெட்லைட் மேலே இருக்கும் முள், வோல்ட் மீட்டர் இல்லை, ஆம்ப் மீட்டர். கரண்ட் பேட்டரிக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்பதைத்தான் அது சொல்லும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று சரிபார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

மீட்டர் எரியவே இல்லை

முதலில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா பாருங்கள். இங்கே நிறையப் பேர் ஏமாறுவது ஒயர் நிறத்தில். கருப்பு என்றாலே மைனஸ் என்று கை தானாகப் போகும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் எர்த்து பச்சை. கருப்பு, சாவி போட்டதும் பிளஸ் வரும் ஒயர். யமஹாவில் கருப்புதான் எர்த்து, சாவிக்குப் பின் வரும் பிளஸ் பிரவுன். மீட்டரின் கருப்பை வண்டியின் கருப்பில் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினால் ஒன்றும் எரியாது. சில மீட்டர்களில் தலைகீழ் இணைப்பைத் தாங்க டயோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாதது அங்கேயே கருகிவிடும். மல்டி மீட்டரை (வோல்ட், ஆம்ப், ஓம் மூன்றையும் அளக்கும் கைக் கருவி) வைத்து எது பிளஸ் என்று பார்த்துவிட்டு இணைப்பதுதான் வழி.

நிறம் சரியாக இருந்தும் எரியவில்லையா? மீட்டரைக் கழற்றி நேராக பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் குறை நீங்கள் எடுத்த இணைப்பில். அங்கேயும் எரியாவிட்டால் மீட்டரை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

எரிகிறது, ஆனால் மல்டி மீட்டரை விடக் குறைவாகக் காட்டுகிறது

பேட்டரி டெர்மினலில் மல்டி மீட்டர் 12.6 சொல்கிறது, ஹேண்டில்பாரில் மாட்டிய மீட்டர் 12.0 சொல்கிறது. வட சென்னையில் அதிகம் பார்க்கும் குறை இது. சொல்லப்போனால் இந்த 0.6 வோல்ட்தான் மீட்டர் வாங்கியதற்குக் கிடைத்த முதல் பலன். ஆகவே மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி எண்ணைச் சரிக்கட்டிவிடாதீர்கள். அந்த ஸ்க்ரூ இருப்பது மீட்டரின் சொந்தப் பிழையைத் திருத்த. வண்டியின் குறையை மறைக்க இல்லை.

எது யாருடைய பிழை என்று பிரிப்பது எளிது. மல்டி மீட்டரின் இரண்டு முனையையும் உங்கள் மீட்டரின் சிவப்பு, கருப்பு ஒயர்கள் இணையும் இடத்திலேயே வையுங்கள். மல்டி மீட்டரும் 12.0 சொன்னால் மீட்டர் உண்மையைத்தான் பேசுகிறது; பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. மல்டி மீட்டர் அங்கே 12.6 சொன்னால்தான் ஸ்க்ரூவைத் தொடலாம்.

தொலைவது பிளஸ் பக்கமா எர்த்து பக்கமா என்பது அடுத்தது. சாவி போட்டு ஹெட்லைட் எரியட்டும். இப்படிக் கரண்ட் இழுக்கும் லோடு இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. மல்டி மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு முனை மீட்டரின் சிவப்பில். இடையில் எவ்வளவு தொலைகிறதோ அதுவே எண்ணாக வரும். பிறகு பேட்டரி மைனஸ்ஸிலும் மீட்டரின் கருப்பிலும். 0.1, 0.2 இருந்தால் விட்டுவிடலாம். 0.5 வருகிற பக்கத்தில் வேலை இருக்கிறது.

பிளஸ் பக்கம் என்றால் வரிசையாக ஃப்யூஸ் பிடிக்கும் இடம், இக்னிஷன் சாவி கப்ளர், டேங்க்குக்கு அடியில் இருக்கும் கப்ளர்கள். எர்த்து பக்கம் என்றால் சேஸிஸில் போல்ட் போட்ட வளையம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டியோடு பின்னால் கட்டிப் போகிற வண்டிகளில் இந்த இரண்டுமே மோசமாக இருக்கும். ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து சைடு பேனல் இடுக்கில் சொட்டிச் சொட்டி உள்ளே போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஒரு கப்ளரைப் பிரித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் புதுசு போலவே இருக்கும். உள்ளே பித்தளைப் பின் மேல் பச்சைக் களிம்பு மாவு போலப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். பின்னோடு ஒயர் சேரும் இடத்தில் ரப்பரை லேசாக இழுத்தால் செம்பு இழைகள் கருத்துப்போய் ஒவ்வொன்றாக முறியும், கடைசியில் நாலைந்து இழைதான் மிச்சம் இருக்கும். அந்த நாலைந்து இழை மீட்டரின் சின்ன கரண்ட்டைத் தாராளமாகக் கடத்தும். ஹெட்லைட் எரியும்போது திணறும். 0.6 தொலைந்தது அங்கேதான்.

களிம்பு பிடித்ததை ஸ்ப்ரே அடித்து மட்டும் விடாதீர்கள். கருத்த ஒயரை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை பின்னால் போய், புதுப் பின் அடித்து, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எர்த்து வளையத்துக்கு உப்புத்தாள் தேய்த்து, சேஸிஸில் பெயிண்ட் போகும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பேட்டரி டெர்மினலுக்கும் அதே வாஸ்லின். வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸ்ஸை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலும் தீப்பொறி வராது.

மீட்டர் எப்போதும் பேட்டரியின் உண்மை எண்ணையே காட்ட வேண்டும் என்று விரும்பினால் ரிலே (சின்ன கரண்ட்டில் வேறொரு லைனைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுவதுதான் சரியான வழி. சின்ன 4 பின் ரிலே: 30 என்று எண் போட்ட பின்னில் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 1 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக வரும் ஒயர், 87-இலிருந்து மீட்டரின் சிவப்பு, 86-இல் சாவி போட்டால் பிளஸ் வரும் ஏதாவது ஒரு ஒயர், 85-இல் எர்த்து. மீட்டரின் கருப்பைப் பேட்டரி மைனஸ் வரை தனி ஒயராக இழுத்துவிடுங்கள். ஃப்யூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் நசுங்கும்போது அது காப்பாற்றாது. பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் இ.சி.யூ.வுக்கு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போகும் ஒயர் எதையும் சுரண்டாதீர்கள், ஹாரன் ஒயரே போதும்.

ஓடும்போது சரியாக இருக்கிறது, காலையில் இறங்கியிருக்கிறது

சாவி எடுத்த பிறகும் மீட்டர் எரிகிறதா? அப்படியென்றால் நேராக பேட்டரியில் மாட்டியிருக்கிறீர்கள். இந்த மீட்டர்கள் சுமார் 20 மில்லி ஆம்ப் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்ப் அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் கணக்கு). கிராமத்துக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் 9 ஆம்ப் அவர் பேட்டரியில் பாதி காணாமல் போயிருக்கும்; 4 ஆம்ப் அவர் பேட்டரி வைத்த சின்ன வண்டி என்றால் முழுவதும் போய்விடும். ரிலேயோ சாவிக்குப் பின் வரும் ஒயரோதான் மருந்து.

மீட்டர் அணைந்தும் இறங்குகிறது என்றால் வேறு ஏதோ குடிக்கிறது. மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மல்டி மீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து, டெர்மினலுக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே இணையுங்கள். அந்த நேரத்தில் செல்ஃபை மறந்தும் தொடாதீர்கள்; மல்டி மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். சாவி இல்லாமல் சில மில்லி ஆம்ப் மட்டும் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் ஜி.பி.எஸ்., அலாரம், பின்னால் சேர்த்த மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எண் விழும் இடத்தில் குற்றவாளி.

எதுவும் குடிக்கவில்லை, ஆனாலும் இறங்குகிறதா? வண்டி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று மட்டும் ஓடும் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் நிறைய. பலரும் செல்ஃபைத்தான் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டால் ஒழுங்காக எடுக்கும் வண்டியில் செல்ஃப் தின்பது கொஞ்சம்தான். இரண்டு நொடிக்கு 60 ஆம்ப் இழுத்தாலும், 1 ஆம்ப் மிச்சம் ஏறினால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். பிரச்சினை அந்த மிச்சம் ஏறாததில்தான். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். 35 வாட் பல்பு என்றால் கிட்டத்தட்ட 3 ஆம்ப். அதோடு பிரேக் லைட், அதோடு போனை சார்ஜில் போட்டிருக்கிறோம். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் காயில் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தரும் சுருள்) தருவதை எல்லாம் இவையே தின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதோ, வீட்டில் சின்ன சார்ஜர் போடுவதோ நல்லது. பேட்டரியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

செல்ஃப் அழுத்தினால் மீட்டர் அணைந்து எரிகிறது

பதறுவதற்கு முன் எந்த ஒயரில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். பல வண்டிகளில் செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட்டுக்குப் போகும் லைனை ஸ்விட்சே துண்டிக்கும். அந்த லைனில் மீட்டர் இருந்தால் அதுவும் அணையத்தான் செய்யும். ஹாரன் லைனுக்கு மாற்றிப் பாருங்கள்.

மாற்றியும் 8, 7 என்று விழுந்தால், மல்டி மீட்டரை நேராகப் பேட்டரி டெர்மினலின் ஈயத்தில் வைத்து ஒருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். அங்கே 10.5 நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. டெர்மினல் ஸ்க்ரூவோ எஞ்சினுக்குப் போகும் எர்த்து ஒயரோ தளர்ந்திருக்கிறது. பேட்டரியிலேயே 8-க்கு விழுந்தால், அதுவும் காலையில் 12.6 காட்டிய பேட்டரி இப்படி விழுந்தால், அது உள்ளே முடிந்துபோன பேட்டரி. இந்த இடத்தில் மட்டும் ஒர்க் ஷாப் தம்பி சொல்வதைக் கேட்டு மாற்றிவிடலாம். நன்றாகச் சார்ஜ் ஏற்றியும் நின்ற எண் 10.5-க்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒரு செல் செத்திருக்கிறது, அதற்கும் மாற்றுதான்.

எஞ்சின் எடுத்ததும் எண் வெறி பிடித்தது போல் ஆடுகிறது

8, 16, 11 என்று தாவும். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க இண்டிகேட்டர் பிரகாசமாகும். கிக்கரில் வண்டி எடுக்கும், செல்ஃப் எடுக்காது. மூன்றும் சேர்ந்து இருந்தால் மெயின் ஃப்யூஸ் போயிருக்கிறது அல்லது பேட்டரி ஒயர் விட்டுப்போயிருக்கிறது; வண்டி பேட்டரி இல்லாமல் காயில் கரண்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். இப்படி ஓட்டினால் பல்பும், ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் அதைவிட விலை கூடிய சாமானும் போகும். ஓடும் வண்டியில் பேட்டரியைக் கழற்றி "சார்ஜிங் இருக்கா பாக்கலாம்" என்று சோதிக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

செல்ஃப் நன்றாக எடுக்கிறது, மீட்டர் மட்டும் ஆடுகிறது என்றால், பழைய வண்டிகளில் ஹெட்லைட் ஏ.சி.யில் எரியும், அந்த ஒயரில் மீட்டரை மாட்டியிருப்பீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

ஓடும்போது 13-ஐத் தாண்டவில்லை

முறுக்கினாலும் 12.4, 12.3 என்று மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சார்ஜிங் இல்லை. இங்கேயும் புதுசு வாங்கும் முன் கப்ளர். ரெகுலேட்டரிலிருந்து (காயில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி) பேட்டரிக்கு வரும் கப்ளரை முகர்ந்து பாருங்கள். கருகிய பிளாஸ்டிக் நாற்றமும் பழுப்பு நிறமும் இருந்தால் அங்கே சூடாகி உருகியிருக்கிறது. ரெகுலேட்டர் அவுட்புட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே, ஓடும்போது, 0.3-க்கு மேல் தொலையக் கூடாது.

ஒயர் சரி என்றால் காயில். மூன்று ஒயர் காயில் உள்ள வண்டிகளில், பெரும்பாலும் மூன்றும் ஒரே நிறம், எஞ்சினை அணைத்துவிட்டு ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள். காயில் பக்கத்தில் எந்த இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் அளவு ஒன்றுபோல, மிகக் குறைவாக இருக்க வேண்டும். எந்த ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் காயில் உள்ளே எர்த்து ஆகிவிட்டது. பிறகு எஞ்சினை எடுத்து, மல்டி மீட்டரை ஏ.சி.யில் வைத்து, மூன்று ஜோடியையும் ஒரே வேகத்தில் பாருங்கள். முறுக்க முறுக்க மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும். ஒரு ஜோடி பின்தங்கினால் காயில். மூன்றும் சமமாக ஏறினால் ரெகுலேட்டர். அந்த ஒயர்களில் ஓடும்போது 50 வோல்ட்டைத் தாண்டும், ஈரக் கையோடு தொட வேண்டாம்.

ஸ்லோவில் 12.5, முறுக்கினால் 14 என்பது குறையே இல்லை.

மழைக்குப் பிறகு மீட்டர் கண்டபடி காட்டுகிறது

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறக்கிய வண்டியில் மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படியும், எண்ணில் ஒரு கோடு மட்டும் எரியாமல் போகும். கழற்றி, நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். உப்பை உள்ளே விட்டு உலர்த்தினால் போர்டைத் தின்றுவிடும். பின்பக்கம் சிலிகான் வைத்து அடைக்கும்போது வினிகர் நாற்றம் அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். நாற்றமில்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

15-ஐத் தாண்டுகிறது

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். பேட்டரி டெர்மினலில் மல்டி மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். அங்கேயும் 15-க்கு மேல் என்றால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறையும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும். நாற்றம் வந்த பேட்டரிக்குப் பக்கத்தில் தீக்குச்சியோ தீப்பொறியோ கூடாது.

சில வண்டிகளில் ரெகுலேட்டருக்குப் பேட்டரி வோல்டேஜைச் சொல்ல ஒரு தனி ஒயர் உண்டு. அதில் களிம்பு ஏறினால் ரெகுலேட்டர் 13 என்று நினைத்துக்கொண்டு 15 அனுப்பும். அதனால் ரெகுலேட்டரின் எர்த்தையும் அந்த ஒயரையும் சுத்தம் செய்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். அதுவரை வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஹெட்லைட்டை எரியவிட்டு, அதிகம் முறுக்காமல் பக்கத்து ஒர்க் ஷாப் வரை மட்டும் போங்கள். புது ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் துருவையும் அழுக்கையும் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, 4000-இல் சில நிமிடம் ஓடவிட்டு 14.5-க்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகு சைடு பேனலை மூடுங்கள்.